கட்டிலோடு கட்டிய கை

"…அத்தொட்டுதான் சொல்றேன் மாமு, மூட்டைக்குப் போடற சுருக்க சொந்தக் கையில போட்டுகினு தூங்கற ஆள நான் இன்னிக்கித்தான் பாக்கறேன். மூட்டையிலயாச்சும் உள்ள மல்லாக்கொட்டை கீது. உன் கையில இன்னா கீதுன்னு இந்தக் கட்டு கட்டி வெச்சிருக்கே?"

காலை பத்து மணி இருக்கும். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். வலது மணிக்கட்டில் என் மனைவியின் பழைய புடவைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதன் மறுமுனை கட்டில் சட்டத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்தவரை எழுந்து உட்கார்ந்து வாங்க என்று கூப்பிட முடியவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த மூன்று நான்கு மாதங்கள் எதுவுமே என்னைத் தொடவில்லை.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒரே அறை கொண்ட வீடு. துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலின் மேல்தட்டில் நீராவியில் ஓடும், பாரம் தூக்கும் யந்திரம் அது. கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் கரையிலிருந்து மூட்டைக்கட்டு மேலே எழும்பும். மறுபக்கம் தள்ளினால் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கும். உள்ளே எட்டுப் பேர் நின்று அதை வாங்கி அடுக்குவார்கள். வின்ச் ஓட்டுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து அந்த எட்டுப் பேரும் தெரிய மாட்டார்கள். அதனால் சரக்கு இறங்கும் திறப்பின் விளிம்பில் ஒருவர் நின்று கீழேயும் பார்ப்பார், என்னையும் பார்ப்பார், கையால் சொல்வார். ரயில்வேயில் கைகாட்டி மரம் என்கிறோமே, அதே பெயரைத்தான் அவருக்கும் வைத்திருந்தோம். கைகாட்டி.

பாரத்தைப் பார்க்கக் கூடாது, கைகாட்டியின் கையைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடம் அதுதான். அவர் ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்க வேண்டும். அப்போது மட்டும் வாயாலும் 'ஆரியா' என்று கூவுவார். எந்த நாட்டுக் கப்பல்காரன் விட்டுப்போன சொல்லோ, துறைமுகத்தில் இறக்கு என்பதற்கு அதுதான். கையை உயர்த்தி விரல்களை மூடினால் நிறுத்தம். மூடிய கை மேலே இருக்கிற வரைக்கும் கைப்பிடியை அசைக்கக் கூடாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆள், "மூடின கை மேல இருக்கச் சொல்ல, உன் பொஞ்சாதிக்கு வலி எடுத்துகினா கூட அப்புறமாத்தான் போவணும்" என்பார்.

இப்போது வாசலில் நின்றவர்தான் எங்கள் கைகாட்டி. ஆறு வருஷமாக நான் பார்த்த கை அவருடையது. அவர் முகத்தைவிட அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் 'ஆரியா' என்றார். நான் இறக்கினேன். பாதி வழியில் மூட்டை கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஏழு மூட்டை கீழே போயின. கீழே ஒருவர் இருந்தார். காதில் பீடியைச் செருகிக்கொண்டே வேலை செய்கிற காசிமேட்டுக்காரர். அவரை மேலே கொண்டுவந்தபோதும் அந்தப் பீடி காதில் இருந்தது.

துறைமுக அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். கயிறு பழசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். உன் கைமேல் தப்பில்லை என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். கைகாட்டியிடமும் அதையே சொன்னார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் தூக்குச்சட்டியில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டேன். மனைவி சுறாப் புட்டு வைத்திருந்தாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். மறுநாள் சாவுக்குப் போனேன். சுடுகாடு வரைக்கும் நடந்தேன். வழியில் ஒரு கடையின் பெயர்ப் பலகையில் எழுத்துப் பிழை இருந்ததைப் பார்த்தேன். அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அழுகை வரவில்லை. கூட நடந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "இவனுக்கு இன்னும் கார்ப்பரேசன்காரன் கண்ணுக்குத் தண்ணி வுடல போலகீது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. மனிதர்கள் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளை நான் அப்போதே சேர்த்து வைக்கிற ஆள். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்துத் தொடங்கியது. அப்போது எனக்கு ராத்திரி ஷிப்டு. காலையில் வந்து, குளித்து, மனைவி விற்றது போக மிச்சம் வைத்திருக்கும் ஆப்பத்தைத் தின்றுவிட்டுப் படுப்பேன். சந்து முனையில் அவள் ஆப்பம் சுட்டு விற்றுவந்தாள். படுத்தால் தூக்கம் உடனே வரும். கண் செருகும். முழுத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை என்கிற அந்த இடத்தில், என் வலது காதுக்குள் ஒருவர் முழுத் தொண்டையால் 'ஆரியா' என்று கூவுவார். கனவில் கேட்கிற குரல் மாதிரி இருக்காது. தெருவில் நிற்கிறவருக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றும். அதே நொடியில் கட்டில் எனக்குக் கீழிருந்து போய்விடும். நான் விழுவேன். என் வலது கை தானாகவே கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்.

கண்ணைத் திறந்தால் கட்டில் இருக்கும். நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பயமா என்று கேட்டால், நெஞ்சுதான் பயந்தது. நான் அதைப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேட்டுக்கொண்டு கிடந்தேன். மறுபடி கண் செருகும், மறுபடி கூவும். சில நாள் ஏழு எட்டு முறை. விழிக்கிறபோது வேறு மாதிரி. கீரைக்காரி குரல் கேட்கும், மனைவி பாத்திரம் தேய்ப்பது தெரியும், உடம்பு மட்டும் வராது. விரலைக்கூட அசைக்க முடியாமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எல்லாம் திரும்ப வரும், எழுந்து வேலைக்குப் போவேன்.

மத்தியானம் அவளும் அதே அறையில்தான் தரையில் தலை சாய்ப்பாள். ஒருநாள் என் கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டது. அவள் அலறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"யோவ், ராவெல்லாம் கப்பல்ல இழுக்கறது பத்தாதா? வூட்ல என்னியும் தூக்கி எங்க எறக்கப் போறே?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். இரண்டாவது முறை என் கை அவள் முகத்தில் விழுந்து உதடு கிழிந்தது. அப்போது வேடிக்கை பேசவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புண் பட்ட குழந்தையைப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குழாயடிக்கு விஷயம் போனது. குழாயடி என்றால் எங்கள் சந்துக்கு ஆஸ்பத்திரியும் அதுதான், கோர்ட்டும் அதுதான். அமுக்குப் பிசாசு என்றார் ஒருவர். தலைமாட்டில் இரும்பு வை என்றார் ஒருவர். நாள் முழுக்க இரும்போடுதானே மாரடிக்கிறான், இன்னும் எவ்வளவு இரும்பு வைப்பது என்று இன்னொருவர் கேட்டார். தர்காவில் ஓதிய தண்ணீர் வந்தது. கோயில் எலுமிச்சம்பழமும் வந்தது. மாதா கோயிலிலிருந்து எண்ணெய் வந்தது. எல்லாவற்றையும் செய்தேன். மருந்துக் கடைக் கம்பவுண்டர் மட்டும், "உடம்பு தூங்கப் போவுது, உள்ள ஒர்த்தன் வாட்சுமேன் மாதிரி தூங்காம குந்திக்கினு கீறான். அவன் விசில் ஊதறான். வாட்சுமேனுக்கு மருந்து எங்கிட்ட கெடையாது" என்றார். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை.

அவள் உதட்டைப் பார்த்த அன்றுதான் கையைக் கட்டுவது என்று முடிவு செய்தேன். புடவைக் கிழிசலை எடுத்தேன். பதினெட்டு வயதிலிருந்து நான் போட்டுப் பழகிய முடிச்சு ஒன்றுதான்: மூட்டையைத் தூக்குவதற்குப் போடும் சுருக்கு. கை தானாக அதைத்தான் போட்டது. பாரம் இழுக்க இழுக்க அந்தச் சுருக்கு இறுகும். அதற்காகவேதான் அதைப் போடுகிறோம். தூக்கத்தில் என் கை எட்டு முறை இழுத்தால் எட்டு முறை இறுகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எழுகிறபோது கை நீலம் பாரித்து, விறகுக் கட்டை மாதிரி கிடக்கும். இடது கையால் அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வேன். வேறு யாருடைய கையோ என்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் உயிர் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். நாளாக ஆக முழுதாக வரவில்லை. கைப்பிடியைப் பிடித்திருக்கிறேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கைகாட்டியின் கையைப் பார்க்க வேண்டிய கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் வந்த அன்று விடியற்காலையில்தான் அது நடந்தது. அவர் கையை மூடினார். நான் நிறுத்திவிட்டதாகவே நினைத்தேன். என் விரல்கள் கைப்பிடியிலேயே இல்லை. மூட்டைக்கட்டு இறங்கிக்கொண்டே போய், திறப்பின் விளிம்பில் மோதி, ஒரு மூட்டை கிழிந்து, கீழே இருந்த எட்டுப் பேர் தலையிலும் மல்லாக்கொட்டை கொட்டியது. கீழேயிருந்து ஒரு குரல், "யாரு வூட்டுக் கல்யாணம்யா, பூவுக்குப் பதிலா கொட்டைய தூவறீங்க?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கைகாட்டி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். ஷிப்டு முடிந்ததும் என்னோடு நடக்காமல் தனியாகப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து என் வாசலில் நின்றார்.

என் மனைவி முக்காலியை நகர்த்திப் போட்டாள். "குந்துங்கண்ணே. நானும் சொல்லிப் பாத்துட்டேன், அவுக்க மாட்றாரு" என்றாள். அவர் உட்காரவில்லை. அவள் உதட்டில் இருந்த காயத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து சுருக்கை நகத்தால் நெகிழ்த்த ஆரம்பித்தார். இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

"மேஸ்திரியாண்ட போய் உன்ன வின்ச்சுலருந்து எடுத்துடச் சொல்லலாம்னுதான் கெளம்பனேன்" என்றார், வாயில் துணியோடு. "பாதி வயி போயிட்டேன். இன்னாத்துக்குக் கை நிக்கலன்னு உன்னக் கேக்காம சொன்னா நல்லா இருக்காதேன்னு திரும்பிட்டேன்."

"சொல்லிடு அண்ணாத்தே. எட்டுப் பேரு கீய கீறாங்க."

"அது எனக்குத் தெரியாதா? நான்தான தெனம் எண்ணிகினு நிக்கறேன்." கட்டு அவிழ்ந்தது. என் கையைத் தேய்த்துவிட்டார். தேய்ப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. "கட்டிதான் கை செத்துப் போச்சு. சரி, அவுத்தாச்சு. இப்போ சொல்லு, இத்த எதுக்குக் கட்டினே?"

சொன்னேன். கண் செருகுவதை, கூவுவதை, விழுவதை. அவள் உதட்டையும் சொன்னேன். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரிதான் சொன்னேன்.

"இன்னான்னு கூவுது?"

"ஆரியான்னு."

"யாரு கொரலு?"

"உன்னுதுதான்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். வெளியே ஒரு சரக்கு ரயில் போனது. அது நீளமான ரயில்.

"அன்னியிலருந்து நான் கூவறதே இல்லியே மாமு" என்றார். "கைய மட்டும்தான காட்டறேன். நீ கெவனிக்கல?"

கவனித்திருந்தேன். மூன்று மாதமாகக் கப்பல் தட்டில் அந்தச் சொல் இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

"தொண்டை வரைக்கும் வருது. அத்தோட சரி" என்றார். பிறகு, "அப்ப அங்க வுடாத கொரல இங்க வந்து வுட்டுகினு கீறேனா நான்?" என்று தன்னையே கேட்பது மாதிரி கேட்டார். என் மனைவி அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சாயங்காலம் கப்பலுக்கு வர்றதுக்குள்ள தூங்கணும் நீ" என்றார். "தூங்காத ஆளையும் ஏத்த மாட்டேன், கை செத்த ஆளையும் ஏத்த மாட்டேன். தூங்கி எயுந்து, கையில உயிரு வந்துதுன்னா பாக்கலாம். வரலன்னா நானே மேஸ்திரியாண்ட இட்டுகினு போறேன்."

"படுத்தா கூவுமே. கை ஆடும்."

"எப்போ ஆடுது?"

"கண்ணு செருவச் சொல்ல."

"அப்ப கண்ண மூடாத. என் கையப் பாரு. அதுவா மூடிக்கினா மூடிக்கட்டும்."

அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டைத் தாண்டிப் போனார். சுவரை ஒட்டி, எனக்குச் சற்று இடது பக்கமாக, கப்பல் தட்டில் அவர் நிற்கிற அதே கோணத்தில் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். வலது கையை உயர்த்தினார். விரல்களை மூடினார்.