திருச்சுழியிலிருந்து மதுரைக்கு, அண்ணனின் மீதி மாத்திரைகளோடு

போன செவ்வாய்க்கிழமை, இறந்துபோன அண்ணனின் மாத்திரை டப்பாவை ஒப்படைக்க மதுரை போய்வந்தேன். மில் வாட்ச்மேனாக இருந்தவர். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இதய ஆராய்ச்சிக்காகப் புது மாத்திரை சாப்பிட்டுவந்தார். மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்று போன் வந்தது. ஆளே போனபிறகு மாத்திரை எதற்கு என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் கிளம்பினேன்.

காலை 6.10க்குத் திருச்சுழியில் பஸ். அருப்புக்கோட்டை பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் 15 ரூபாய். அங்கே 7.05க்கு மதுரை பஸ். ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய். வலது பக்கம் உட்காராதீர்கள், வழி நெடுக வெயில் முகத்திலேயே அடிக்கும்.

காரியாபட்டி தாண்டியதும் கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணன் வரலையா? போன மாசம் ஒண்ணுக்குப் போகணும்னு ரெண்டு எடத்துல பஸ்ஸ நிறுத்தச் சொன்னாகளே!"

"அவுக தவறிட்டாகண்ணே."

அன்று அண்ணன் தவித்த காரணம் எனக்குத் தெரியும். கால் வீக்கத்தை மறைக்க, முந்தின நாளே நீர் பிரிகிற மாத்திரையைக் கூடுதலாக விழுங்கியிருந்தார். "ஏலே, வீங்கிருந்தா அந்தப் பிள்ள மொகம் வாடிரும். ஆராய்ச்சிய விட்டே கழிச்சு விட்டுருவாக. வாய மூடிட்டு வா" என்றார்.

பிள்ளை என்றது அங்குள்ள நர்ஸை. வாரம் தவறாமல் போன் போட்டு, சாப்பிட்டீர்களா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்கும். எங்கள் வீட்டில் ஒருவரும் அவரை அப்படிக் கேட்டதில்லை, நான் உட்பட. அன்று சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் கூடப் போனேன்.

இந்த முறை ஒன்பது மணிக்கு அதே நர்ஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு ஃபைலைப் புரட்டியது. "வீக்கம் இல்ல, மூச்சு வாங்கல, நல்லா நடந்திருக்காங்க. அப்புறம் எப்படிண்ணே பத்தே நாள்ல?"

நடந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"அன்னைக்கே சொல்லிருந்தா பெட்ல சேத்திருப்போமேண்ணே. வீக்கம் இருந்தா யாரு வெளிய அனுப்பப் போறா?" என்று அழுதது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எட்டரைக்குள் போனால் வரிசை குறைவு. கேன்டீனில் இட்லி பரவாயில்லை, காபி வேண்டாம். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப்போங்கள். கால் வீங்கியிருந்தால் வீக்கத்தோடு கூட்டிப்போங்கள். நோயாளி கண்ஜாடை காட்டினாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லியிருந்தால் அண்ணன் ஆறு மாசத்துக்கு என்னோடு பேசியிருக்கமாட்டார். பேசாமலாவது இருந்திருப்பார்.