பின் அடித்த பக்கமும் திருப்பிச்சொல்லி டீச்சரும்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. மற்றபடி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அவர் திருப்பிச்சொல்லி டீச்சர்தான்.

வேலை இதுதான்: எந்தப் பாடத்தைத் தொட்டால் வகுப்பு இரண்டாகப் பிளந்து பெஞ்சு பறக்குமோ, அந்தப் பாடத்தைப் பெஞ்சு பறக்காமல் நடத்த வரலாற்று ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பது. இதற்காக அவரிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒரே ஒரு விதி. எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் நீ உன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதான் நான் சொன்னது" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில் பேசலாம். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

முன்பு மின்சார அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் அது. கருகிப்போன மின்விசிறியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர்கள் கத்தியதை அப்படியே நிதானமாகத் திருப்பிச் சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று அங்கேதான் கண்டுகொண்டார். மீதிப் பாதி கரண்ட் வந்தால் இறங்கும்.

இந்த விதி செல்லுபடியாகாத ஒரே இடம் அவர் வீடு. கணவர் பஸ் ஓட்டுநர், வாயிலும் ஆக்சிலேட்டர் உள்ளவர்.

"நீ சொல்றது என்னன்னா, நான் ஒரு சோம்பேறி" என்று டீச்சர் திருப்பிச் சொல்வார்.

"ஆமா, அதான் நான் சொன்னது."

அதற்கு மேல் பேச்சு எங்கே போகும்? நாத்தனார் சிரித்துக்கொண்டே வந்து, மடிக்காமல் கிடந்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போவார்.

இந்த முறை அவர் போன பள்ளிக்கூடம் ஒரு மூடிய ஆலைக்கு எதிரே இருந்தது. தாத்தாக்கள் காலத்தில் அந்த ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள், பாதிப் பேர் பின்வழியாக உள்ளே போய் வேலை பார்த்தார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே போனவர்களைக் கருங்காலி என்றார்கள். உள்ளே போனவர்கள் வெளியே நின்றவர்களை ஊரையே பட்டினி போட்டவர்கள் என்றார்கள். கடைசியில் ஆலை நின்றுபோனது. சண்டை மட்டும் இன்னும் மூன்று ஷிஃப்டிலும் ஓடுகிறது.

பள்ளியின் உள்ளூர் வரலாற்றுப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு பக்கம் இருந்தது. வம்பு வேண்டாமென்று வருடா வருடம் அந்தப் பக்கத்தை ஸ்டேப்ளரால் பின் அடித்து மூடித்தான் கொடுப்பார்கள். விளைவு என்ன? பிள்ளைகள் மொத்தப் புத்தகத்திலும் ஆர்வமாகப் படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். பின் கழற்றுவதில் அந்த வகுப்புக்கு இணையான வகுப்பு கிடையாது.

இளம் வரலாற்று ஆசிரியர் அந்தப் பக்கத்தை நேராக நடத்த ஆசைப்பட்டார். தலைமையாசிரியை அரை மனதோடுதான் தலையாட்டினார். "ஒரே ஒரு வீட்லேருந்து புகார் வந்தாலும் மறுபடி பின் அடிச்சிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். வரலாற்று ஆசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

வெளியே நின்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், உள்ளே போனவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கதவுப் பக்கம் என்று உட்கார்ந்திருந்த வகுப்பைக் கலைத்து, பக்கத்துக்கு ஒருவராக இரண்டிரண்டு பேரை உட்கார வைத்தார்கள். பேக்கரிக்காரர் மகனுக்கு ஜோடி தையல்கடைக்காரர் மகள். பையனின் தாத்தா கேட்டுக்கு வெளியே நின்றவர், பெண்ணின் தாத்தா உள்ளே போனவர். முதலில் பையன் அவள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

"உங்க தாத்தா பயந்துக்கிட்டு உள்ள போனாரு."

"பயந்துக்கிட்டு இல்ல. எங்க அத்தைக்கு அப்ப கைக்குழந்தை வயசு, காய்ச்சல். மருந்து வாங்கணும். திரும்பச் சொல்லு."

"மருந்து வாங்கப் பயந்துக்கிட்டு..."

"டேய்!"

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தோற்றுப்போவதா? வீட்டுக்குப் போய், அப்பா மாவு பிசைகிற மேசைக்குப் பக்கத்திலேயே நின்று சத்தமாகப் பயிற்சி எடுத்தான். "வீட்ல காய்ச்சல்ல ஒரு குழந்தை கெடக்கு. நான் உள்ள போனேன். அதுல என்ன தப்பு?"

மறுநாள் காலை பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தார். அங்கே டீச்சரோடு நின்றிருந்த வரலாற்று ஆசிரியர் ஓரடி பின்வாங்கினார். தலைமையாசிரியையின் கை தானாக மேசையில் இருந்த ஸ்டேப்ளர் பக்கம் போனது.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சொல்லுங்க அண்ணே, கேக்கறேன்."

"என்னத்தக் கேக்கறது! என் வீட்டு அடுப்பு முன்னாடி நின்னு என் புள்ள அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கறான்!"

"பையன் அவங்க பக்கம் சாஞ்சிட்டான்னு கோபம்."

"அதில்ல."

"தையல்கடைக்காரர் பொண்ணு கூட உக்கார வெச்சது புடிக்கல."

"யார் சொன்னா? தங்கமான பொண்ணு அது. அவங்கப்பனுக்குத் தெரியாம எங்க கடையிலதான் பன் வாங்குது."

"சரி, இந்தப் பாடமே வேண்டாங்கறீங்க."

பேக்கரிக்காரர் கையை உதறினார். மாவு தரையில் உதிர்ந்தது. "அதுவும் இல்ல."

"அப்ப உங்களுக்கு என்னதாங்க புகார்?" என்று தலைமையாசிரியை குறுக்கே வந்தார். டீச்சர் அவரைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினார். தான் மூன்று தடவை தப்பாகத் திருப்பிச் சொன்னதில் டீச்சருக்கு வருத்தமே இல்லை. புகார் மேசையில் உண்மையான புகார் எப்போதும் கடைசியாகத்தான் வரும்.

பேக்கரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குழந்தைக்குக் காய்ச்சல்னு அவரு உள்ள போனாராம். என் புள்ள மூச்சு விடாம ஒப்பிக்கறான். அதே வாரம் எங்க வீட்லயும் காய்ச்சல்ல ஒரு குழந்தை கெடந்துச்சு. அது நான்தான். எங்கப்பா உள்ள போகல. பகல் பூரா கேட்டுல நின்னுட்டு வந்து என் நெத்தியில ஈரத்துணி போடுவாரு. இத எந்தப் பாடத்துல எழுதியிருக்கு? எம்புள்ளைக்கே தெரியாது. ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

டீச்சர் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு, "இத நான் சொல்றத விட அந்தப் பொண்ணு சொன்னாத்தான் சரி" என்று சொல்லி ஆளனுப்பினார்.

பெண் வந்தாள். மாவையும் ஆளையும் பார்த்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பேக்கரிக்காரர் மறுபடி முதலிலிருந்து சொன்னார், இந்தத் தடவை கத்தாமல்.

"உங்கப்பாவுக்கு உங்கள விட ஸ்ட்ரைக்தான் பெருசு" என்றாள் அவள்.

"தப்பு. அப்படி இல்ல."

அவள் யோசித்தாள். "உள்ள போயிருந்தா மருந்து வாங்கியிருக்கலாம்னு அவருக்குத் தெரியும். ஆனா கூட நின்னவங்கள விட்டுட்டுப் போக முடியல. அதனால உங்க பக்கத்துல வந்து உக்காந்து, துணிய நனைச்சு நனைச்சுப் போட்டாரு. அது அவருக்கும் கஷ்டமா இருந்திருக்கும்."

பேக்கரிக்காரர் மூக்கைத் துடைத்தார். மூக்கெல்லாம் மாவு. "ஆமா" என்றார்.

"அவரு மேல உங்களுக்குக் கோபமா அங்கிள்?"

இந்தக் கேள்வி விதியில் கிடையாது. டீச்சர் தடுக்கவும் இல்லை.

"கொஞ்சம்" என்றார் அவர்.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, கடைசியா கேக்கறேன். இது புகாரா, இல்லையா?"

"புகார்தாங்க! எங்க வீட்டுக் கதை பாடத்துல இல்லங்கறதுதான் புகார்!"

ஸ்டேப்ளர் இழுப்பறைக்குள் போனது. வரலாற்று ஆசிரியர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்ட வேகத்தில் மேசை மேலிருந்த காகிதம் ஒன்று பறந்தது.

"ஆனா ஒண்ணு" என்று பேக்கரிக்காரர் எழுந்து பெண்ணைப் பார்த்தார். "உங்க தாத்தா பண்ணது தப்புதான். அத நான் சாகற வரைக்கும் சொல்லுவேன்."

"தப்பே இல்ல" என்றாள் அவள்.

"தப்பு!"

"ரெண்டு பேரும் வகுப்புல வந்து பேசுங்க" என்றார் டீச்சர்.

"நான் எதுக்கு வரணும்? எனக்குக் கடை இருக்கு." வாசல் வரை போனவர் நின்றார். "எப்ப வகுப்பு?"

"வியாழக்கிழமை மதியம்" என்றார் வரலாற்று ஆசிரியர்.

"அப்ப அடுப்புல ரொட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை வெச்சுக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை மதியம் கணக்குப் பாடம். தலைமையாசிரியை ஒரு பெருமூச்சு விட்டு, கால அட்டவணையில் அதை அடித்துவிட்டு வரலாறு என்று எழுதினார். செய்தி வகுப்புக்கு எட்டியதும் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சும் கதவுப் பக்கத்துப் பெஞ்சும் சேர்ந்து விசில் அடித்தன. அந்த வகுப்பு ஒருமனதாக ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். வராந்தாவில் நடந்துபோன டீச்சர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்டிக்க வேண்டிய விசில்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல், சிரித்தபடி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.