தண்ணீர் குடிக்காத நூல்

சித்திரை வெயிலில் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன மனுஷர் இந்தப் பட்டணத்திலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். மீனுக்குப் போடும் ஐஸ் தயாரிக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஐஸ் பாளத்தை இடது தோளில் சாய்த்துத் தூக்குவார். உருகும் தண்ணீர் நேராகக் காதுக்குள் இறங்கும்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இதெல்லாம் தெரியாது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. கூப்பிட்டால் மனுஷர் திரும்ப மாட்டார். திமிர் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுவென்று திட்டிப் பார்த்தேன். அதற்கும் திரும்பவில்லை. தைரியம் வந்துவிட்டது. எருமை, மரக்கட்டை, உம்மணாமூஞ்சி என்று தினமும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பேன்.

ஒரு நாள் காலையில் அவர் தலையணையில் சீழைப் பார்த்தேன். அன்றே தர்மாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சொட்டு மருந்து கொடுத்த டாக்டர், “இன்னும் ஈரம் பட்டால் கேட்கிறது அடியோடு போய்விடும். காதை மூடு, இல்லையென்றால் வேலையை விடு” என்றார். வெளியே வந்ததும் இவர், “வேலைய வுட்டுட்டு இன்னா பண்றது? கோணிதான் மேல போட்டுக்கினு கீறேனே” என்றார். அந்தக் கோணி பத்து நிமிஷத்தில் தொப்பலாக நனைந்துவிடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. திட்டுவதைக் கூட நிறுத்திவிட்டேன். திட்டியும் திரும்பாவிட்டால் காது போனது உறுதியாகிவிடுமே.

குல்லா பின்னுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது. மரவளையத்தைச் சுற்றி ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் நூலைச் சுற்றி, கீழ்ச் சுற்றைக் கொக்கியால் தூக்கி மேல் சுற்றைத் தாண்டிப் போட வேண்டும். படகுத் தச்சரிடம் சொல்லி வளையம் செய்துகொண்டேன். சைக்கிள் கம்பியை வளைத்தால் கொக்கி. எல்லாம் சரியாக அமைந்தது. நூலில்தான் கோட்டை விட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வலை பின்னுகிறவர். “கடல் தண்ணிலயே கெடக்குற நூலு தங்கச்சி. ஐஸ் தண்ணி இன்னா பண்ணிடும்?” என்று ஓர் உருண்டை பருத்தி நூல் கொடுத்தார். ஒரே நாளில் பின்னி முடித்தேன். மாலையில் என் வீட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், வழியெல்லாம் சொட்டச் சொட்ட. “தலைல கொடத்தக் கவுத்த மாதிரி கீது. கூட வேல செய்றவன்லாம், இன்னா மாமு, தலையால மீன் புடிக்கப் போறியான்றான்” என்றார். அக்கா சொன்னதில் பொய் இல்லை. நனைந்தால் கெடாத நூல்தான். நனையாத நூல் என்று அவர் சொல்லவே இல்லை.

அடுத்து பூக்கடை பஜாருக்குப் போய்ப் புதுக் கம்பளி நூல் வாங்கினேன். குழந்தைகளுக்குப் பின்னுகிற ரோஜா நிற நூல். தொட்டால் பூனைக்குட்டி. அந்த நிறத்தில் மயங்கி, என் வளையத்தில் ஆணிகள் தள்ளித் தள்ளி இருப்பதை மறந்தே போனேன். மெல்லிய நூல், அகன்ற இடைவெளி. குல்லாவுக்குப் பதில் சல்லடை வந்தது. ஆத்திரத்தில் தச்சரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

துறைமுகத்தின் அருகே பழைய துணிக்கடை ஒன்றில் கருநீலக் கம்பளிச் சட்டை தொங்கியது. கப்பல்காரன் யாரோ விற்றுவிட்டுப் போனது. கனம், முரடு, ஆட்டு வாடை வேறு. “மழைலயே போட்டுக்கினு நின்னதும்மா. தண்ணி நிக்காது” என்றார் கடைக்காரர். எனக்கு இனி யார் பேச்சையும் நம்புவதாக இல்லை. அவருடைய குடிதண்ணீரையே வாங்கி அதன்மேல் தெளித்தேன். சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு விழுந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பிரித்தால் நூல் இடியாப்பமாகச் சுருண்டு நின்றது. வாடை போகச் சவுக்காரம் போட்டு அலசக் கை பரபரத்தது. நல்லவேளை, ஒரு துண்டை மட்டும் அலசிப் பார்த்தேன். அது தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டது. கம்பளியில் இருந்த எண்ணெய்ப் பசைதான் அதுவரை தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. மீதியை வெறும் தண்ணீரில் நனைத்து, கல் கட்டித் தொங்கவிட்டேன். சுருக்கம் போனதும் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னினேன். விரல் நுழையாத குல்லா. காதுக்கு மடல் வைத்துத் தாடையில் கட்டக் கயிறும் வைத்தேன். கம்பெனியில் போய் மாட்டிக்கொள்வார் என்று நம்பாமல் வீட்டிலேயே கட்டி அனுப்பினேன். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஒரு மாதம் குல்லா, சொட்டு மருந்து. வலிக்கிறதா என்று கேட்டால் ஒரு தலையாட்டல். அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? பிறகு ஒரு மாலை, நான் கழுவிவிட்ட தரையில் ஈரக் கோணியோடு நடந்து வந்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், “எருமை, இப்பத்தானே கழுவினேன்” என்று வாய்க்குள் முனகிவிட்டேன்.

“எருமைக்கு இன்னாமே தெரியும், கழுவின தரையா கழுவாத தரையான்னு?”

திரும்பினேன். குல்லாவைக் கழற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். “முன்னெல்லாம் பாதிதான் காதுல வுயும். இப்போ ஒண்ணு வுடாம கேக்குது. கொஞ்சம் மெதுவா திட்டு” என்றார்.

கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன? அழுது முடித்த பிறகுதான், அத்தனை மாதமும் அந்தப் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் ஐஸ் தூக்கப் போயிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.