தையல் சங்கத்து மாலை வகுப்பும் ஒரு தீர்மானமும்

நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு முன்பே புவனகிரியில் எனக்கென்று ஒரு நிலை இருந்தது. ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவன் நான். பள்ளிக்கு அதிகாரிகள் வந்தால் வரவேற்புரை என்னுடையது. பின்னாளில் சிதம்பரத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தபோதும் அவ்வளவு உயரத்தில் நான் இருந்ததில்லை.

என் தாயார் பெண்கள் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடை தைத்தார். சங்கத் தலைவி என் அத்தை, அப்பாவின் அக்கா. வேலை முடிந்த மாலைகளில் உறுப்பினர்களுக்கு அங்கேயே முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. கூட்டுறவு என்றால் உறுப்பினர் படிக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை. ஆகவே கடலூரிலிருந்து வந்த ஆசிரியை, எழுத்தோடு கூட்டம் நடத்தும் முறையையும் கற்பித்தார். ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும்; மற்றொருவர் வழிமொழிய வேண்டும்; ஆதரிப்பவர்களும், பிறகு எதிர்ப்பவர்களும் கை தூக்க வேண்டும்.

பழகுவதற்காக அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்கள் எளியவை. "டீயில சக்கர ஜாஸ்தி போடணும்னு முன்மொழியிறேன்" என்பார் ஒருவர். எல்லாக் கைகளும் உயரும். எதிர்ப்பவர் உண்டா என்று ஆசிரியை கேட்டால், "சக்கரைய யாருங்க எதுப்பாங்க?" என்று சிரிப்பார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரும் பழகவில்லை.

அவ்வாண்டு சீருடை ஆர்டர் பெரிதாக வந்தது. மாலையிலும் தைக்க வேண்டியிருப்பதால் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று பொதுக்குழுவில் அத்தை தீர்மானம் கொண்டுவந்தார். அப்போதுதான் என் தாயார் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தார். பேருந்து நகர்வதற்குள் படித்து முடிப்பதுதான் இன்னும் கைகூடவில்லை.

கைகள் வழக்கம்போல் உயர்ந்தன. அத்தை அடுத்த பொருளுக்குப் போனார். தாயார் எழுந்தார்.

"எதுக்குறவங்க யாருன்னு நீங்க கேக்கலியே அண்ணி?"

"யாரு எதுக்கப் போறா?"

"நான்தான்."

"ஏம்மா, நாளைக்கு நீ கலெக்டராவப் போறியா?"

"பஸ்ஸு போர்டு படிக்கக் கலெக்டராவணுமா அண்ணி?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்திலிருந்தவர் தாயாரின் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காருக்கா, நாளைக்கும் அவுங்க மொகத்துலதான் முழிக்கணும்" என்றார். தாயார் உட்காரவில்லை, கையை உயர்த்தினார். அத்தை வேறு வழியின்றி, எதிர்ப்பு ஒன்று என்று அறிவித்தார். தீர்மானம் நிறைவேறியது, வகுப்பு நின்றது.

மற்ற உறுப்பினர்களின் பிள்ளைகளோடு துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் தலைகுனிந்தேன். வகுப்பில் அனைவரும் ஒரு விடையைச் சொல்ல, ஒருவன் மட்டும் வேறொன்றைச் சொன்னால், தவறு யாருடையது என்பதை நான் அறிவேன். வீடு திரும்பும் வழியில் அதைத் தாயாருக்கு விளக்கினேன்.

"எல்லாரும் தூக்குனப்பவே நீயும் தூக்கியிருக்கணும்மா."

"சரிங்க வாத்தியாரே" என்றார் அவர்.

அந்த மாலை வகுப்பில் உண்மையாகத் தேறிய ஒரே மாணவிக்குத்தான் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அண்மையில் சங்கத்தின் விழாவொன்றில் பேசியவர்கள், உறுப்பினர்கள் ஒருமனதாக விரும்பியே மாலை வகுப்பை நிறுத்தினார்கள் என்றனர். ஒருமனதாக அல்ல. என் தாயார் எதிர்த்தார்.