தீப்பெட்டி இல்லாமல் உச்சிப்பாறைக்கு

போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு வலது கை வெந்துபோனது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை அவருக்கு. முக்கி எடுத்த, குச்சிகள் செருகிய சட்டம் ஒன்று கையிலேயே பற்றிக்கொண்டது. கை பிழைத்தால் அந்தக் கையாலேயே உச்சிப்பாறை அம்மனுக்கு நெய்விளக்கு ஏற்ற வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தை பிறந்ததும் டாக்டர், விரல் ஐந்தும் மடங்குகிறது, வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் ஆறு மாதமாக அவர் ஒரு குச்சியும் உரசவில்லை. நான் அடுப்புப் பற்றவைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வேண்டிக்கொண்டது நான், உரச வேண்டியவர் அவர். அந்தக் கவலையோடுதான் தைக் கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

திருத்தங்கலில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் பதினைந்து மைல், ஆளுக்கு ஐம்பது நயா பைசா. அங்கிருந்து செண்பகத்தோப்பு ஐந்து மைல். மாட்டுவண்டிக்குப் போகவர இரண்டு ரூபாய் பேசினோம். வண்டிக்காரர் மூன்று கேட்டார். நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லித்தான் இறங்கிவந்தார்.

எட்டரைக்கு நடக்கத் தொடங்கினோம். மாந்தோப்பு முடிந்ததும் இரண்டு பக்கமும் மலை நெருங்கிவிடுகிறது. நடுவில் ஓடை, அதை மூன்று முறை தாண்ட வேண்டும், தண்ணீர் கணுக்கால் அளவுதான். வழியில் யானைச் சாணம் கிடந்தது. காய்ந்த சாணம் என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு மைலில் ஒரு பாறைத் திட்டு வரும். அங்கே நின்றால் கண்மாய்கள் தட்டுத்தட்டாக மின்னுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கட்டைவிரல் அளவு. பாதை அதற்கு மேல் செங்குத்து. வேர்களைப் பிடித்து ஏறினோம். அவர் வலது கையால் பிடிக்கிறாரா என்று பின்னால் வந்த நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடித்தார்.

பதினொன்றேகாலுக்கு உச்சி. பாறை விளிம்பில் ஒரு சூலமும் மஞ்சள் பூசிய கல்லும்தான். பூசாரி கிடையாது, அணையா விளக்கு கிடையாது. அகல், நெய், திரி எடுத்துவைத்துவிட்டு, காலையில் அவரிடம் கொடுத்திருந்த தீப்பெட்டியைக் கேட்டேன். சட்டைப்பையைத் தட்டினார். மடியைத் தட்டினார்.

“மாடத்துல வச்சுட்டு வந்துட்டேன் புள்ள.”

கம்பெனி வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். அதனால் பதினொரு வருஷமாக வீட்டு வாசல் தாண்டும் முன் பையைக் காலி செய்வது அவர் வழக்கம். அன்றும் செய்திருக்கிறார்.

“வேணும்னே வச்சுட்டு வந்தீகளா?”

“சத்தியமா இல்ல. கை தானாப் போயிருச்சு.”

நம்பினேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி தெரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பல்லில் தண்ணீர்கூடப் படாமல் ஏறிவந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கீழிருந்து சுருட்டு வாசனை வந்தது. நெல்லிக்காய் பொறுக்குகிற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், வாயில் சுருட்டும் தோளில் சாக்குமாக ஏறிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த ஊருக்காரவுக?”

“திருத்தங்கல்.”

“தீப்பெட்டி ஊர்ல இருந்து வந்து எங்கிட்டத் தீ கேக்கீகளாக்கும்!” இருமல் வரும்வரை சிரித்தாள். “இந்தச் சுருட்டுலயே பத்தவையுங்க.”

“எச்சித் தீ அம்மனுக்கு ஆகாது தாயி” என்றேன்.

இடுப்பிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தாள். “நாலு கிடக்கு. ஒண்ணு எனக்கு வேணும். மூணு எடுத்துக்கிடுங்க.”

பெட்டியை அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் கழித்து வாங்கினார். முதல் குச்சி இரண்டாக ஒடிந்தது.

“என்ன அண்ணாச்சி, இது எந்தக் கம்பெனிக் குச்சி?”

லேபிளைத் திருப்பிப் பார்த்தார். “எங்க கம்பெனிதான்.”

“வெளங்கும்!”

இரண்டாவது சீறிப் பிடித்தது. பதறிக் கீழே போட்டுவிட்டார். கடைசிக் குச்சியை நான் வாங்கி உரசிவிடலாமா என்று நினைத்தேன். சொன்ன வாக்கு அது இல்லையே. அம்மா தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, காத்துக்கு முதுகக் காட்டி உக்காருங்க. மெதுவா உரசுங்க. அம்மன் எங்க ஓடிறப் போகுது?”

உட்கார்ந்தார். உரசினார். தழும்பேறிய உள்ளங்கையைக் குவித்து, தீ விரலைத் தொடும்வரை பொறுத்துத் திரியில் வைத்தார். பிடித்துக்கொண்டது.

“மூணுக்கு ஒண்ணுதான் தேறுது. இனிமே உங்க கம்பெனிப் பெட்டி வாங்கமாட்டேன்” என்றாள் அவள். அவர் சிரித்தார். ஆடிக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையை மூன்று பேரும் சாப்பிட்டோம்; அவள் தந்த நெல்லிக்காயைக் கடித்துவிட்டு ஓடைத் தண்ணீர் குடித்தபடி இறங்கினோம். மூன்றரைக்கே வண்டிக்கு வந்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: மழை மாதங்களில் போக வேண்டாம், ஓடையை நம்ப முடியாது. தனியாகப் போகாதீர்கள். விளிம்பில் கைப்பிடி ஏதும் இல்லை, குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். ஏற இரண்டே முக்கால் மணி நேரம், இறங்க இரண்டு. ஆளுக்கொரு தீப்பெட்டி மடியில் இருக்கட்டும். விளக்கை அணைத்துவிட்டு இறங்குங்கள், சுற்றிலும் காய்ந்த புல்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, அவராகவே பையில் போட்டிருந்த தீப்பெட்டியை எடுத்து மாடத்தில் வைத்தார். நான் அதை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே விட்டுவைத்தேன்.