தேவதாசனும் எட்டாத நடுச்சுவரும்

இலங்கை மலையகத்தில் ராகலைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து வாட்டும் தேவதாசன், இறை ஊழியம் தொடங்கத் தீர்மானித்தார். முதல் பிரசங்கம் எடுபட்டால் ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் அவரே பேசலாம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். ஊழியத்தின் ஆரம்பத்திலேயே இயேசுவைச் சொந்த ஊரான நாசரேத்து விரட்டியடித்த கதையை எடுத்துக்கொண்டு, வாரம் முழுக்க வீட்டில் உரக்கப் பேசிப் பழகினார். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை என்பது, அந்த லயத்திலேயே பிறந்த மகானுக்கு மறந்துபோனது.

ஞாயிறன்று லயமே திரண்டு வந்திருந்தது. "அன்பானவர்களே, நாசரேத்து மக்கள்..." என்று தொடங்கியதுமே பக்கத்து வீட்டு அன்னம்மா எழுந்தாள்.

"மலை உச்சியிலேருந்து தள்ளப் பாத்தாங்க, அதானே? திங்கக்கெழமையிலேருந்து கேக்குறோம். நடுவுல கறியில உப்பில்லன்னு பொண்டாட்டிகிட்ட கத்துனியே, அதையும் சொல்லு!"

"நம்ம பெரியான் மகன்தானே, இவனுக்கெல்லாம் என்னா பிரசங்கம்?" என்றது பின்வரிசை.

கூடம் குலுங்கியது. மனைவி ஜெயந்தினிதான் அதிகம் சிரித்தாள்.

தேவதாசன் பைபிளை மூடி, அவர்கள் நடுவே நடந்து வெளியேறினார். அதுவரை எல்லாம் வேதத்தின்படியே நடந்தது. ஆனால் இயேசுவுக்குப் போக கப்பர்நகூம் என்று வேறோர் ஊர் இருந்தது. இவருக்கு அதே லயம்தான்.

வாசலில் பாஸ்டர் இன்னொரு ஞாயிறு தந்தார். இரக்கத்தால் அல்ல, அப்படியொரு கூட்டத்தை அவர் கண்டதேயில்லை.

அன்று சாயங்காலம் தேவதாசன் போர்வைக்குள் புகுந்து, அடுத்த பிரசங்கத்தை முணுமுணுத்தார். சுவருக்கு மேலாக அன்னம்மாவின் குரல் வந்தது.

"சத்தமாச் சொல்லுப்பா, இங்க ஒன்னுமே கேக்கல!"