கிரகணத்தன்று என் மகள் ராஜா

மாற்று ராஜா என்று ஒன்று உண்டு என்பதே என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்போது ஃப்ரீமான்ட்டில், மாடியில் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மனைவிக்கு குபெர்டினோவில் சாஃப்ட்வேர் வேலை. காலை ஏழு மணிக்கே ஃப்ரீவேயில் ஏறிவிடுவாள். பல்லடம் பக்கத்தில் பத்தாவதும் ஐடிஐயும் படித்த எனக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மதிய ஷிஃப்ட். அதனால் காலைப் பூஜை, இட்லி, பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் என் பொறுப்பு. அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் விபூதி வாசமும் பீநட் பட்டர் வாசமும் சேர்ந்துதான் வருகின்றன.

இரண்டாயிரமாவது வருஷத்துத் தை மாதம். ஆறாம் வகுப்பில் பழைய நாகரிகங்கள் பாடம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் களிமண்ணில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன அம்மிணி இது?"

"ஷீப் லிவர், அப்பா."

"ஆட்டு ஈரலா! தைப்பூச விரதத்துல வீட்டுக்குள்ளயா?"

"மண்ணு ஈரலுக்கெல்லாம் தீட்டில்லீங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

பாடத்தில் வருவது ஈரலைப் பார்த்துச் சகுனம் சொல்லுகிற ஊராம். இன்றைய இராக். கிரகணம் பிடித்து, அது ராஜா உயிருக்கு ஆகாது என்று வானம் பார்ப்பவர்கள் சொல்லிவிட்டால், யாராவது ஒரு கைதியையோ தோட்டக்காரனையோ பிடித்து வந்து ராஜாவின் உடுப்பைப் போட்டு சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்களாம். நிஜ ராஜா ஒளிந்துகொள்வார். அவருக்கு எழுதுகிற கடிதத்தில்கூட ராஜா என்று போடாமல் 'விவசாயி' என்றுதான் போடுவார்களாம். குறித்த நாள் முடிந்ததும் மாற்று ராஜாவை விஷம் கொடுத்துக் கொன்றுவிடுவார்கள். கெட்டது அவனோடு போயிற்று என்று கணக்கு.

"ஆபத்து வந்தா மட்டும் விவசாயி ஆயிக்குவாரா?" என்றேன். எங்கள் அப்பா நிஜ விவசாயி. எனக்குக் கோபம் வந்தது.

"அப்பா, கெஸ் வாட்! க்ளாஸ் ப்ளேல அந்த மாற்று ராஜா நான்தான்! தொப்பியில சீட்டு போட்டு எடுத்தாங்க. ஐ காட் இட்!"

முந்தின வருஷ நாடகத்தில் அவள் மரம். அதற்கு முந்தின வருஷம் திரை இழுக்கிறவள். முகமெல்லாம் பல்லாக நின்றாள். நானோ காலண்டரைப் புரட்டினேன். நாடகம் வியாழக்கிழமை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சந்திர கிரகணம், அதுவும் பூசத்தில். என் மகள் பூச நட்சத்திரம். அந்த நட்சத்திரக்காரர்கள் சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று கோயிலில் தாளே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். பிறந்து இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, பழனி முருகனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை. அவளா அந்த நாளில் விஷம் குடித்துச் செத்து விழ வேண்டும்?

"வேண்டாம் அம்மிணி. வேற வேஷம் கேளு."

"இட்ஸ் ஜஸ்ட் எ ப்ளே!" கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நம்மூர்க் காலண்டர்ல இந்தக் கிரகணம் தெரியாதுன்னு போட்டிருக்குதுங்க," என்றாள் மனைவி.

"ஊர்ல தெரியாது. இங்க நம்ம தலைக்கு மேலதான் வருது."

"அப்ப நீங்களே போய் டீச்சர்கிட்டச் சொல்லுங்க. உங்க இங்கிலீஷைக் கேட்டா கிரகணமே திரும்பிப் போயிரும்."

திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை போனேன். வழியெல்லாம் மகள் என்னை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தாள். வகுப்பில் பிள்ளைகள் பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "மூன், பேட் டே, மை டாட்டர் நோ டை" என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நோ ப்ராப்ளம்" என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, இவளுக்குப் பதிலாக யார் ராஜாவாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

முதலில் எழுந்த கை எங்கள் கீழ்வீட்டு ஆப்கான் பெண்ணுடையது. என் மகளின் உயிர்த்தோழி. பத்து நாளைக்கு முன் ஈதுக்கு அவள் அம்மா ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்து விட்டிருந்தார். வெறும் தட்டாகத் திருப்பித் தரக்கூடாதே என்று அது இன்னும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. தோழிக்கு உதவி செய்கிற சந்தோஷத்தில் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

நான் கேட்க வந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளை இறங்க வேண்டும், வேறு ஒருத்தர் பிள்ளை ஏற வேண்டும். கெட்டது அவளோடு போகட்டும். அந்த ராஜாவும் இதைத்தானே செய்தார்?

"நோ, நோ. சாரி, மேடம். மை டாட்டர். மை டாட்டர் ஒன்லி," என்றேன்.

மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஷிஃப்ட்டுக்கு லீவ் சொன்னேன். பள்ளிக்கூடத்து வாசலில் அவள் அட்டைக் கிரீடத்தைத் தூக்கி, நெற்றியில் விபூதி வைத்துத் திரும்ப மூடினேன். "இட்ச்சஸ், அப்பா," என்றாள். அரிக்கிறதாம். ஆனால் அழிக்கவில்லை. களிமண் ஈரலை ஒரு பையன் உயர்த்திக் காட்டினான். என் மகள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் காகிதக் கோப்பையை வாயில் வைத்துச் சரிந்து விழுந்தபோது, கடைசி வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்தனைக் கூப்பிட்டேன். கைதட்டல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கிரீடம் காது வரை இறங்கியிருந்தது.

சாயங்காலம் ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு மூவரும் உள்ளேயே இருந்தோம். மகள் மட்டும் ஒரு ஓரமாகத் திரையை விலக்கி, "செம்பு மாதிரி இருக்குது, வந்து பாருங்கப்பா," என்றாள். அவள் வாயில் முழுசாகத் தமிழ் வருவது அபூர்வம். எழுந்து போய் நானும் பார்த்துவிட்டேன். முருகன் மன்னிப்பான்.

மறுநாள் தைப்பூசம். காலையிலேயே மலையைத் தாண்டிக் கோயிலுக்குப் போய் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். "இன்னொண்ணுங்க சாமி," என்று தோழியின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க. ஆப்கான் பொண்ணு. அவங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

குருக்கள் கையில் பூவை எடுத்துக்கொண்டார். "அப்போ சுவாமி நட்சத்திரத்துலயே பண்ணிடறேன்," என்றார்.

மந்திரத்துக்கு நடுவில் அந்தப் பெயர் ஒருமுறை கேட்டது. வீட்டுக்கு வந்ததும் பேரீச்சம்பழத் தட்டைக் கழுவித் துடைத்து, பஞ்சாமிர்தம் வைத்து, கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.